தீவுக்குள் தீவுகள்: நிலநத்தைகள் புதிய சிற்றினங்களாகப் பிரியும் விதம்

தீவுகளில் பரிணாமம் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் கலாபகஸ் குருவிகளிடம் போய்விடுகிறார்கள். அந்தக் குருவிகள் இருபது வகையைக்கூடத் தொடவில்லை. அதே தீவுக்கூட்டத்தில் நேசியோட்டஸ் என்ற ஒரே பேரினத்தில் 60-க்கும் மேற்பட்ட நத்தைகள் இருக்கின்றன. ஹவாய்த் தீவுகளில் பெயரிடப்பட்ட நிலநத்தைச் சிற்றினங்கள் 750-க்கும் அதிகம். ஏறக்குறைய அத்தனையும் உலகில் வேறெங்கும் கிடையாது.

இதற்குப் பாடநூல் சொல்லும் விளக்கம்: கடல் பிரித்தது, பிரிந்தவை வேறாயின. நத்தையைப் பொறுத்தவரை இது பாதிதான் சரி. கடல் தன் வேலையை ஓரிரு முறை செய்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. மிச்சம் எல்லாம் தீவுக்குள்ளேயே நடக்கிறது. ஒரு மலைமுகடு, காய்ந்த ஒரு சரிவு, எரிமலைக் குழம்பு ஓடி ஆறிய ஒரு பட்டை இருந்தால் போதும்.

முதலில் நத்தை எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்துவிடுவோம். உப்புநீர் நத்தைக்கு ஆகாது என்பதால் டார்வினுக்கே இது உறுத்தியது. குளிர்காலத்தில் ஓட்டின் வாயைச் சவ்வால் மூடிக்கொண்டு உறங்கும் நத்தைகளை எடுத்துக் கடல்நீரில் போட்டுப் பார்த்தார். ஹெலிக்ஸ் பொமேஷியா நத்தை ஒன்று 20 நாள் கிடந்தும் பிழைத்தது. பிறகு ஓக்காபித்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் 10 வகையைச் சேர்ந்த 100 நத்தைகளை ஓட்டை போட்ட பெட்டியில் அடைத்து இரண்டு வாரம் கடலில் மூழ்கவைத்தார். 27 பிழைத்தன. அதில் கவனிக்க வேண்டியது, வாய்க்கு இயல்பாகவே கடினமான மூடி உள்ள ஒரு வகையில் 12-க்கு 11 பிழைத்தன என்பதுதான். மிதக்கும் மரக்கட்டையில் சில நூறு கிலோமீட்டர் வருவது நடக்கக்கூடியதே என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தொலைதூரத்துக்குப் பறவைகள். சில மில்லிமீட்டரே உள்ள பொடி நத்தைகள் இறகில் ஒட்டிக்கொண்டு போகும். பாலியா பேரினத்தின் மரபணுத் தடத்தைப் பின்தொடர்ந்தபோது, அது ஐரோப்பாவிலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்கும், அங்கிருந்து ஏறத்தாழ 9,000 கி.மீ. தள்ளி தென் அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் ட குன்யாவுக்கும் போயிருப்பது 2006-இல் வெளியானது. இறகு மட்டுமல்ல, வயிறும் வழிதான். ஜப்பானின் ஒகசவாரா தீவுகளில் டோர்னாடெல்லைடிஸ் என்ற நுண்நத்தையைப் பறவைகளுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்ததில், ஏறத்தாழ 15 சதவீதம் எச்சத்தோடு உயிருடன் வெளியே வந்தன. பெரிய ஓடு பறவையின் வயிற்றில் நொறுங்கிவிடும். அதனால்தான் தொலைதூரத் தீவுகளில் வந்து சேர்ந்த மூதாதைகள் பெரும்பாலும் பொடி நத்தைக் குடும்பங்களாக இருக்கின்றன. பெரிய உருவம் பிறகு தீவிலேயே வந்தது.

வந்து சேர்ந்தால் போதாது, பெருக வேண்டும். இங்கே நத்தையின் உடலமைப்பு கைகொடுக்கிறது. நிலநத்தைகளில் பெரும்பாலானவை இருபாலுயிரிகள். ஒருமுறை இணைந்தால் துணையின் விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமிக்கும். அதுவும் பல துணைகளிடம் பெற்றதாக இருக்கலாம். சில வகைகள் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளவும் முடியும். ஆகவே ஒரே ஒரு நத்தை கரை ஏறினாலும் ஒரு கூட்டம் உருவாக வழி உண்டு.

இந்த இடத்தில் ஒரு பிழையான எண்ணம் பரவலாக இருக்கிறது. சில நத்தைகளே வந்ததால் மரபணு வளம் சுருங்கி, அந்த அதிர்ச்சியிலேயே புதிய சிற்றினம் பிறந்துவிடுகிறது என்பார்கள். கணக்குப் போட்டால் அது அவ்வளவு எளிதில் நிற்காது. கூட்டத்தில் இனப்பெருக்கம் செய்யும் நத்தைகள் N என்றால், ஒரு தலைமுறையில் இழக்கும் மரபணு வேறுபாடு 1/(2N). இரண்டே நத்தைகள் வந்தாலும் முதல் தலைமுறையில் போவது கால்பங்கு, முக்கால்பங்கு தங்கும். கூட்டம் வேகமாகப் பெருகினால் இழப்பு அத்தோடு நின்றுவிடும். அரிதான மரபணு வடிவங்கள் மட்டும் ஒரேயடியாகத் தொலையும். உண்மையான சேதம் வேறிடத்தில் நடக்கிறது. கூட்டம் நீண்ட காலம் சிறியதாகவே கிடக்க வேண்டும். 20 நத்தைகள் கொண்ட ஒரு திட்டு 50 தலைமுறை அப்படியே கிடந்தால், தொடக்கத்தில் இருந்த வேறுபாட்டில் சுமார் 28 சதவீதம்தான் எஞ்சும். வெளியிலிருந்து யாரும் வராமல் இருந்தால்தான் இதுவும். தலைமுறைக்கு ஒரே ஒரு நத்தை உள்ளே வந்து இனம் பெருக்கினாலே, தற்செயலாக விலகிச் செல்லும் போக்கு பெரிதும் தடைபட்டுவிடும் என்பது மக்கள்தொகை மரபியலின் பழைய விதி. அப்படியானால் தடுப்பு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று பாருங்கள்.

அந்த இறுக்கம் நத்தைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது.

ஹவாயின் ஓவாகு தீவில் வாழும் மரநத்தையான அச்சாட்டினெல்லா இலைமேல் படியும் பூஞ்சையைச் சுரண்டித் தின்று வாழ்வது. பல நத்தைகள் பிறந்த மரத்திலேயோ அதை ஒட்டிய மரங்களிலேயோ ஆயுளைக் கழித்துவிடும். முட்டையிடாமல் குஞ்சுகளை ஒவ்வொன்றாக ஈனும். ஆண்டுக்குக் கிடைப்பது சில குஞ்சுகள்தான், அவை பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். இரண்டு ஈரப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மரமில்லாத, காற்று அடித்துக் காயவைக்கும் ஒரு முகடு இருந்தால், அந்த நத்தைக்கு அது கடல்தான். இப்படியே இந்த ஒரு தீவில், ஒரு பேரினத்தில் மட்டும் 41 சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன.

இதை முதலில் சரியாகப் படித்தவர் ஜான் தாமஸ் கூலிக், ஹவாயில் பிறந்த மிஷனரி மகன். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பள்ளத்தாக்கு வாரியாக ஓடுகளைச் சேர்த்து அடுக்கினார். அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் மழை, மரம், எதிரி எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஓட்டின் நிறமும் கோடுகளும் மாறிக்கொண்டே போயின. தொலைவு கூடக்கூட வேற்றுமையும் கூடியது. சூழல் ஒன்றாக இருக்க, இந்த வேற்றுமைகளுக்கு இயற்கைத் தேர்வு மட்டும் எப்படிக் காரணமாகும், தனிமையே வேற்றுமையை உண்டாக்கும் என்று 1872-இலேயே எழுதினார். மரபணு என்ற கருத்தே வராத காலம். பின்னாளில் பார்ட்டுலா என்ற மரநத்தைகளைப் பசிபிக் தீவுகளான டஹீட்டியிலும் மோரியாவிலும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1916-லும் 1932-லும் பெருநூல்களாக வெளியிட்ட ஹென்றி கிராம்டனும் கிட்டத்தட்ட இதே முடிவுக்குத்தான் வந்தார். டி.என்.ஏ. காலத்தில் அச்சாட்டினெல்லா முஸ்டெலினா என்ற ஒரே சிற்றினத்தை ஓவாகுவின் வையானே மலைத்தொடர் நெடுகச் சோதித்தபோது, தனித்தனியாகக் காக்க வேண்டிய ஆறு பரிணாமக் கிளைகள் அதற்குள் இருப்பது தெரிந்தது. பெயர் ஒன்று, வரலாறு ஆறு.

தனிமைதான் முதல், சூழலுக்கேற்ற தகவமைப்பு பிறகு என்பதுதான் என் கருத்தும். கிரீட் தீவின் சுண்ணாம்புப் பாறைகளில் வாழும் அல்பினேரியா நத்தைகள் இதற்கு நல்ல சான்று. ஏறக்குறைய ஒரே மாதிரி பாறையில், ஒரே மாதிரி வாழ்க்கை. ஆனாலும் பல சிற்றினங்கள், ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்கும்படி இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. தகவமைப்பு இல்லாத கிளைப்பெருக்கம் என்று 1991-இல் ஆய்வாளர் கிட்டன்பெர்கர் இதைத்தான் சுட்டினார்.

அதற்காகத் தகவமைப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒகசவாராவின் மாண்டரினா நத்தைகளைப் பாருங்கள். சில மரத்தில், சில புதரிலும் தரையிலும் மாறிமாறி, சில தரைச்சருகில் மட்டும் வாழ்பவை. மரத்தில் வாழ்பவற்றின் ஓடு சிறியது. இந்த வாழ்முறைகள் வெவ்வேறு தீவுகளில் தனித்தனியாகத் திரும்பத் திரும்பத் தோன்றியிருப்பதை மரபணு மரம் காட்டுகிறது. ஒரே விடை பலமுறை வந்தால் அது தற்செயல் ஆகாது. கலாபகஸிலும் அப்படித்தான். வறண்ட தாழ்பகுதியில் ஓடு ஒல்லியாகவும் நீளமாகவும், ஈரமான உயரங்களில் உருண்டையாகவும் இருக்கும். வறண்ட இடத்தில் நீரிழப்பைக் குறைக்க ஒல்லி ஓடு உதவும். அங்கே ஒரு தீவில் எத்தனை சிற்றினம் என்பதை அதன் பரப்பு, உயரம், வயது இவற்றோடு தாவர வகைகளின் எண்ணிக்கையும் தீர்மானிக்கிறது. தாவர வகை என்பது வாழிடங்களின் வகை.

ஆக, இரண்டும் உண்டு. ஆனால் ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் சிற்றினங்களிடையேதான் வாழ்முறை வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது; அடுத்தடுத்த பள்ளத்தாக்குக்காரர்களிடையே அது பெரும்பாலும் தெரிவதில்லை. பிரிந்தபின் மறுபடி சந்திக்கும்போதுதான் வேலைப் பங்கீடு அவசியமாகிறது.

சுருள் திரும்பினால்

நத்தைகளிடம் மட்டும் உள்ள ஒரு குறுக்குவழியைச் சற்று நின்று பார்க்கலாம். ஓட்டின் நுனி மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுருள், இடப்பக்கம் இருந்தால் இடச்சுருள். சுருள் திரும்பினால் உள்ளுறுப்பு முழுவதும் கண்ணாடி பிம்பம்போல் திரும்பிவிடும். பிறப்புறுப்பின் வாயில் வலச்சுருள் நத்தைக்குத் தலையின் வலப்பக்கம், இடச்சுருளுக்கு இடப்பக்கம். தட்டையான ஓடுள்ள நத்தைகள் முகத்தோடு முகம் பார்த்து இணைகின்றன. எதிரெதிர்ச் சுருள் உள்ள இரண்டு சந்தித்தால் வாயில்கள் பொருந்தவே பொருந்தாது. உயரமான ஓடுள்ளவற்றில் ஒன்று மற்றதன் ஓட்டின்மேல் ஏறி இணைவதால், சிரமம் இருந்தாலும் முழுத்தடை இல்லை.

சுருளின் திசையை முக்கியமாக ஒரே மரபணு இடம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் மரபில் ஒரு தலைமுறைத் தாமதம் உண்டு. குஞ்சின் சுருளைக் குஞ்சின் மரபணு தீர்மானிப்பதில்லை. தாயின் மரபணு தீர்மானிக்கிறது. மரபணுவில் மாற்றம் பெற்ற முதல் நத்தையின் ஓடு வழக்கமான திசையிலேயே இருக்கும், அதற்குத் துணை கிடைப்பதிலும் சிக்கல் இல்லை. அந்த மாற்றம் ஓங்கு தன்மையுடையதானால், அது ஈனும் குஞ்சுகள் அனைத்தும் திரும்பிய சுருளோடு பிறக்கும். ஒடுங்கு தன்மையானால் இன்னும் ஓரிரு தலைமுறை மறைந்திருந்து பிறகு வெளிப்படும். எப்படியும் திரும்பிய நத்தை தனியாளாக வராமல் உடன்பிறப்புகளோடு கும்பலாக வருகிறது. அவை ஒன்றோடொன்று இணையலாம்.

பிறகு ஏன் உலகம் முழுக்க இடச்சுருள் பரவவில்லை? ஊரோடு ஒத்துப்போகாத சுருளுக்குத் துணை குறைவு. எந்தத் திசை பெரும்பான்மையோ அதற்கே லாபம். பெரிய கூட்டத்தில் புதிய திசை சீக்கிரம் அழிந்துவிடும். சில டஜன் நத்தைகளே உள்ள, மற்றவற்றோடு தொடர்பற்ற திட்டில்தான் தற்செயலாக அது பெரும்பான்மையாக முடியும். தீவின் பள்ளத்தாக்குகள் கொடுப்பது இத்தகைய திட்டுகளைத்தான்.

துணை கிடைக்காத நட்டத்தை ஈடுகட்டும் இன்னொரு விசையும் இருந்தால் கதை வேகமாகும். ஜப்பானின் இஷிகாகி, இரியோமோட்டே தீவுகளில் நத்தை தின்னும் பாரியாஸ் இவசாகியி என்ற பாம்பு இருக்கிறது. கீழ்த்தாடையின் வலப்பக்கம் சுமார் 25 பல், இடப்பக்கம் சுமார் 18. வலச்சுருள் ஓட்டிலிருந்து உடலை உருவி எடுப்பதற்கு வாகான அமைப்பு. இடச்சுருள் நத்தையிடம் அதன் கடி வழுக்கிவிடுகிறது. இந்த வகைப் பாம்புகள் வாழும் பகுதிகளில் இடச்சுருள் நத்தைகள் கூடுதலாக இருப்பதை ஹோசோ மசாகியும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

மோரியாவின் பார்ட்டுலா சுட்யூராலிஸ் வேறு வழியில் வந்தது. நெருங்கிய உறவுச் சிற்றினத்தோடு சேர்ந்து வாழும் பகுதிகளில் அந்த உறவுக்கு எதிர்த்திசைச் சுருளையே கொண்டிருக்கிறது. கலப்பு மணத்தில் வீணாகும் முயற்சியை எதிர்ச்சுருள் தவிர்க்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

"ஒரே மரபணுவால் ஒரு சிற்றினம்" என்ற தலைப்பு கவர்ச்சியானது, ஆனால் அப்படியே நம்ப வேண்டாம். தாமத மரபு இங்கே எதிராகவும் வேலை செய்கிறது. திரும்பிய ஓட்டோடு பிறந்த நத்தை, தன்னளவில் பழைய மரபணுவையே சுமந்திருக்கலாம். அதன் குஞ்சுகள் பழைய திசைக்கே திரும்பும். இந்த இடைவெளி வழியாக இரண்டு பக்கமும் மரபணு கசிந்துகொண்டே இருக்கும். எல்லா நத்தையும் புதிய திசைக்கு மாறி நிலைத்தபின்தான் கதவு சாத்தப்படுகிறது.

கசிவு சுருளோடு நிற்பதில்லை. மோரியாவில் பார்ட்டுலா சுட்யூராலிஸும் பார்ட்டுலா டீனியேட்டாவும் ஒரே இடத்தில் வெவ்வேறு சிற்றினங்களாகவே வாழ்கின்றன. ஆனால் மரபணுக்களை அளந்தபோது இரண்டுக்கும் இடையிலான தொலைவு இடத்துக்கு இடம் மாறியது. எங்கோ சிறிதளவு மரபணுப் பரிமாற்றம் நடந்திருக்க வேண்டும் என்று கிளார்க், ஜான்சன், மரே மூவரும் விளக்கினார்கள். ஒரு மரபணுவை மட்டும் வைத்து மரம் வரைபவர்களுக்கு இது ஒரு எச்சரிக்கை.

பிரிந்துவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது

பெரும்பாலான தவறுகள் ஆய்வகத்தில் அல்ல, மாதிரி எடுக்கும் இடத்திலேயே நடக்கின்றன. இரண்டு பள்ளத்தாக்குகளின் நடுப்பகுதியில் மட்டும் எடுத்தால், படிப்படியாக மாறிச் செல்லும் ஒரே கூட்டம்கூட இரண்டு சிற்றினமாகத் தெரியும். முகட்டைக் குறுக்கே கடக்கும் கோடு ஒன்று போட்டு, 100 அல்லது 200 மீட்டருக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 10 முதல் 20 நத்தை என்று எடுக்க வேண்டும். மாற்றம் ஓரிடத்தில் சட்டென்று வருகிறதா, சரிவாக வருகிறதா என்பதே கேள்வி. இடக்குறிப்போடு உயரமும் மரத்தின் பெயரும் எழுதுங்கள். அருகிவரும் நத்தையானால் அனுமதி பெற்று, காலின் பின்நுனியில் ஓரிரு மில்லிமீட்டர் திசு வெட்டி, நத்தையை அதே மரத்தில் விட்டுவிடலாம். சருகில் வாழும் பொடி நத்தைகளுக்குச் சருகைக் காயவைத்து 5, 2, 0.5 மில்லிமீட்டர் சல்லடைகளில் அடுத்தடுத்துச் சலிக்க வேண்டும்.

முழு நத்தையை எடுப்பதானால் நேரே ஆல்கஹாலில் போடக் கூடாது. உடல் ஓட்டுக்குள் சுருண்டு வாயை அடைத்துக்கொள்ளும், ஆல்கஹால் உள்ளே போகாது, திசு அழுகி டி.என்.ஏ. சிதையும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் இரவு முழுக்க மூழ்கவைத்தால் உடல் நீண்டு தளரும். பிறகு 95 சதவீத எத்தனால், ஒரு நாள் கழித்து அதை மாற்ற வேண்டும். ஃபார்மலின் வேண்டாம், வடிவம் கெடாது, டி.என்.ஏ. கெடும்.

நத்தைச் சளியில் உள்ள சர்க்கரைச் சேர்மங்கள் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். வினையை முடக்கும். பெருகிய டி.என்.ஏ.வின் பட்டை தெரியவில்லை என்றால் டி.என்.ஏ.வைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள். பிரித்தெடுக்கும்போதே, இந்தச் சர்க்கரைச் சேர்மங்களை நீக்க உதவும் சி.டி.ஏ.பி. கரைசலும் குளோரோஃபார்மும் பயன்படுத்தினால் பாதித் தொல்லை குறையும்.

அடுத்த பொறி மைட்டோகாண்ட்ரியா. அதிலுள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்து, சில சதவீத வேறுபாடு தாண்டினால் புதிய சிற்றினம் என்று அறிவிக்கும் வழக்கம் பூச்சிகளிடம் ஓரளவு செல்லும். நிலநத்தைகளிடம் செல்லாது. ஐரோப்பாவின் சாதாரணக் கோடுநத்தையான சீப்பியா நெமோராலிஸ் போன்றவற்றில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு கிடைக்கிறது. தொலைவுக்கு ஊர்ந்து போகாமல் திட்டுத் திட்டாக வாழ்வதால் பழைய கிளைகள் அழியாமல் தங்கிவிடுகின்றன. உட்கருவின் பல நூறு, பல ஆயிரம் மரபணுப் புள்ளிகளும் அதையே சொல்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் முடிவு. அப்போதும் மென்பொருள் கூட்டங்களைப் பிரித்துக் காட்டும், சிற்றினங்களைப் பிரித்துக் காட்டாது. தனித்தனிப் பள்ளத்தாக்கில் வாழும், ஒருபோதும் சந்திக்காத இரண்டைத் தனிச் சிற்றினம் என்பதா வேண்டாமா என்பதில் ஆய்வாளரின் தீர்ப்பும் கலந்தே இருக்கும்.

ஓட்டை அளக்கும்போது, வாயின் விளிம்பு தடித்து வெளியே மடிந்த முதிர்ந்த நத்தைகளை மட்டும் எடுங்கள். பல வகைகளில் முதிர்ந்தபின் ஓடு வளராது, ஒப்பிட அதுவே ஒரே நிலையான கட்டம். ஒத்த சூழல் ஒத்த ஓட்டைக் கொடுத்து ஏமாற்றும். பிறப்புறுப்பை அறுத்துப் பார்ப்பது அலுப்பான வேலை என்றாலும் பலமுறை அதுதான் உண்மையைச் சொல்லும்.

கலைந்துபோன பரிசோதனை

இவ்வளவையும் நேரில் பார்க்கக் கிடைத்த இடங்கள் வேகமாகக் காலியாகின. பயிரைத் தின்ற ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க, நத்தை தின்னும் யூக்ளாண்டினா ரோசியாவை 1955-இல் ஹவாயிலும், 1974-இல் டஹீட்டியிலும், 1977-இல் மோரியாவிலும் விட்டார்கள். அது பெருநத்தையை ஒழிக்கவில்லை. மெதுவாக ஈனும் உள்ளூர் நத்தைகளைத் தின்று தீர்த்தது. பத்தே ஆண்டில், 1987-க்குள், மோரியாக் காடுகளில் பார்ட்டுலா ஒன்றும் மிஞ்சவில்லை என்றே கருதப்பட்டது. அச்சாட்டினெல்லா பேரினம் முழுவதும் 1981-லேயே அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் ஏறியது. அதில் அபெக்ஸ்ஃபல்வா என்ற சிற்றினத்தின் கடைசி நத்தை 2019 ஜனவரி 1 அன்று வளர்ப்பகத்தில் இறந்தது.

டஹீட்டியில் பார்ட்டுலா ஹையலினா எப்படித் தாக்குப்பிடித்தது என்பது சுவையான புதிர். அதன் ஓடு வெண்மை. சில மில்லிமீட்டரே உள்ள ஒளியுணர் கணினிகளை வேட்டை நத்தையின் ஓட்டில் ஒட்டியும், ஹையலினா ஓய்வெடுக்கும் இலைகளில் வைத்தும் அளந்தார்கள். ஹையலினா இருக்கும் காட்டோர வெளிச்சத்தை யூக்ளாண்டினா தாங்காது என்று 2021-இல் தெரியவந்தது.

உயிரியல் பூங்காக்களில் காப்பாற்றி வைத்திருந்த பார்ட்டுலாக்களை 2015 முதல் தீவுகளில் மறுபடி விடுகிறார்கள். ஓட்டில் சிவப்புச் சாயப்புள்ளி வைத்து அனுப்புவது வழக்கம். புள்ளியில்லாத நத்தை கண்ணில் பட்டால் அது அங்கேயே பிறந்தது என்று பொருள். மோரியாவில் டோஹிவியானா சிற்றினத்தில் அப்படிப் புள்ளியில்லாத முதிர்ந்த நத்தைகள் கிடைத்துவிட்டன. ஹவாயிலோ, செம்புவலையும் மின்கம்பியும் சாய்வுத் தடுப்பும் சேர்த்த வேலிக்குள் மரநத்தைகளைக் காக்கிறார்கள். அங்கே தினசரி எழும் கேள்வி, எந்தப் பள்ளத்தாக்கு நத்தையை எந்த வேலிக்குள் விடுவது என்பது. எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று இரண்டு கிளைகளைக் கலந்தால் ஆயிரக்கணக்கான தலைமுறைகளின் பிரிவு ஒரே ஈற்றில் கலைந்துபோகும். கலக்காமல் விட்டால், 20 நத்தைத் திட்டுக்கு மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். முஸ்டெலினாவின் ஆறு கிளைகளையும் கூடுமானவரை தனித்தனியாக வைப்பது, ஒரே கிளைக்குள் அருகருகே உள்ள சிறு திட்டுகளை மட்டும் சேர்ப்பது, பிறந்த மரத்தின் பதிவைத் தொலைக்காமல் இருப்பது; இப்போதைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.